மேன் பக்கம் எந்தக் குறியாக்கத்தில் திரைக்கு வரவேண்டும்?

கேள்வி: பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வகப் பொறுப்பில் இருக்கிறேன். வெவ்வேறு லினக்ஸ் வகைகள் நிறுவிய சில சர்வர்கள் எங்களிடம் உள்ளன. மாணவர்கள் சிலர் விண்டோஸிலிருந்து புட்டி வழியாக நுழைகிறார்கள், சிலர் மேக் மடிக்கணினியிலிருந்து, மற்றவர்கள் ஆய்வகத்து லினக்ஸ் கணினிகளிலிருந்து. 'மேன்' கட்டளை கொடுத்தால் ஆளுக்கு ஒரு மாதிரி தெரிகிறது. ஒருவருக்கு எல்லாம் சரியாக வருகிறது. இன்னொருவருக்கு ஹைஃபன் வரவேண்டிய இடத்தில் கோண அடைப்புக்குள் ஏதோ எண்கள். மூன்றாமவருக்குத் தொப்பி வைத்த ஆங்கில 'ஏ' எழுத்தும் பக்கத்தில் யூரோ குறியும். மேன் பக்கத்திலிருந்து காப்பி செய்து ஒட்டிய கட்டளை ஓடவில்லை என்றும் புகார் வருகிறது. "எல்லாவற்றையும் ஆஸ்கிக்கு மாற்றிவிடுங்கள், தலைவலி தீரும்" என்கிறார் என்னுடன் பணிபுரியும் மூத்தவர். எனக்கோ யூடிஎஃப்-8 வைக்கலாம் என்று தோன்றுகிறது. மேன் அமைப்புக் கோப்பில் எதை டீஃபால்ட்டாக வைப்பது? கூடவே இன்னொன்று: ஆய்வகத்துக்காக நாங்களே எழுதிய ஒரு சிறு நிரலுக்குத் தமிழில் மேன் பக்கம் எழுத மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள். அது டெர்மினலில் ஒழுங்காக வருமா?

பதில்: மேன் அமைப்புக் கோப்பில் இரண்டையுமே வைக்காதீர்கள். யாராவது முன்பே அங்கே ஏதேனும் எழுதி வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மேன் பக்கத்தின் மூலக்கோப்பு எந்தக் குறியாக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. அதைப் படிப்பவரின் டெர்மினல் எந்தக் குறியாக்கத்தைப் புரிந்துகொள்ளும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு எல்லாருக்கும் பொதுவாக ஒரே விடையை நீங்கள் முடிவு செய்யலாம்: யூடிஎஃப்-8. இரண்டாவதற்கான விடை ஒவ்வொரு லாகினிலும் மாறும். அது படிப்பவரின் லோக்கேல் அமைப்பில் இருக்கிறது, அங்கிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள மேன் நிரலுக்கும் தெரியும். நீங்களும் மூத்தவரும் அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரே பதிலைச் சர்வர் முழுவதற்கும் ஆணியடிக்கப் பார்க்கிறீர்கள். ஆஸ்கி என்று அடித்தாலும் யூடிஎஃப்-8 என்று அடித்தாலும் யாரோ ஒரு மாணவருக்குத் தவறாகத்தான் வரும்.

பக்கம் திரைக்கு வரும் வழியைப் பார்ப்போம். பெரும்பாலான லினக்ஸ்களில் இருப்பது மேன்-டிபி என்ற தொகுப்பு. அது மூலக்கோப்பை எடுத்து, குறியாக்கத்தை ஊகித்து மாற்றி, குரோஃப் என்ற நிரலிடம் தருகிறது. குரோஃப் பத்தி பிரித்து, வரி மடித்து, ஒரு குறிப்பிட்ட 'சாதனத்துக்கு' ஏற்ப வெளியிடுகிறது. டெர்மினலுக்கென்று அதனிடம் ஆஸ்கி, லத்தீன்-1, யூடிஎஃப்-8 என்று தனித்தனிச் சாதனங்கள் உண்டு. அந்த வெளியீடு லெஸ் நிரலுக்குப் போகிறது. லெஸ் பக்கம் பக்கமாகக் காட்டுவது எஸ்எஸ்எச் வழியாக மாணவரின் டெர்மினலுக்குப் போய்ச் சேருகிறது. குரோஃப், லெஸ், டெர்மினல் மூன்றுக்கும் குறியாக்கம் பற்றிய சொந்த நம்பிக்கை ஒன்று இருக்கிறது. மூன்றும் ஒத்துப்போனால் பக்கம் சரியாக வரும். எங்கே பிசகியது என்பதைத் திரையில் தெரியும் குப்பையை வைத்தே சொல்லிவிடலாம்.

உங்கள் மூன்றாவது மாணவரின் திரையை எடுத்துக்கொள்வோம். யூனிகோடு ஹைஃபனின் எண் யூ+2010. யூடிஎஃப்-8-இல் அது 226, 128, 144 என்ற மூன்று பைட்டுகள். விண்டோஸ்-1252 என்ற பழைய குறியாக்கத்தில் 226 என்பது தொப்பி வைத்த 'ஏ', 128 என்பது யூரோ. ஆக சர்வரும் குரோஃபும் லெஸ்ஸும் ஒழுங்காக யூடிஎஃப்-8 அனுப்பியிருக்கின்றன. புட்டி மட்டும் அதை விண்டோஸ்-1252 என்று எண்ணிப் படிக்கிறது. அந்த மாணவர் புட்டியின் அமைப்பில் 'விண்டோ' பிரிவின் கீழுள்ள 'டிரான்ஸ்லேஷன்' பக்கத்துக்குப் போய், ரிமோட் எழுத்துத் தொகுதியை யூடிஎஃப்-8 ஆக்கிச் சேமித்தால் போதும். சர்வரில் கைவைக்க வேண்டியதில்லை.

கோண அடைப்புக்குள் எண்கள் தெரிவது வேறு நோய். தனக்குப் புரியாத பைட்டை லெஸ் அப்படித்தான் பதினாறடிமான எண்ணாகக் காட்டும், நிறத்தைத் தலைகீழாக்கி. குரோஃப் யூடிஎஃப்-8 கொடுத்திருக்கிறது, லெஸ்ஸுக்கு மட்டும் யாரோ வேறு குறியாக்கம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த மாணவரின் புரொஃபைல் கோப்பில் 'லெஸ்சார்செட்' என்ற சூழல் மாறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் லத்தீன்-1 காலத்தில் எழுதிய அறிவுரையை யாரோ நகலெடுத்து வைத்திருப்பார்கள். அந்த வரியை நீக்குங்கள். லெஸ் தானாகவே லோக்கேலைப் பார்த்து நடந்துகொள்ளும்.

மூன்றாவது வகைக் குப்பையை நீங்கள் சொல்லவில்லை, ஆனால் தமிழ்ப் பக்கம் எழுதத் தொடங்கியதும் சந்திப்பீர்கள். டெர்மினல் சரி, லெஸ் சரி, ஆனாலும் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் சாய்கோடு தலையில் ஏறிய 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாக உடைந்து வரும். தமிழ் மின்னஞ்சலோ இணையப் பக்கமோ சிதைந்து பார்த்தவர்களுக்கு இந்த இணை நன்றாகவே பழக்கம். தமிழ் எழுத்துகள் யூடிஎஃப்-8-இல் எல்லாமே மூன்று பைட்டுகள், முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. 'க' என்பது 224, 174, 149. இதை லத்தீன்-1 என்று எண்ணிப் படித்தால் அந்த 'ஏ'யும் அந்த 'ஆர்' குறியும்தான் வரும். மேன் பக்கத்தில் இது நடக்கிறது என்றால் தவறு உள்ளீட்டுப் பக்கம். குரோஃபின் உள்மனம் இன்றும் எட்டு பிட் லத்தீன்-1 தான். ஜேம்ஸ் கிளார்க் அதை எழுதி முதல் வெளியீடு வந்தது 1990-இல், யூனிகோடின் முதல் பதிப்பு வருவதற்கு ஓராண்டு முன்பு. அதனால் யூடிஎஃப்-8 கோப்பை நேராக அதன் வாயில் ஊட்டினால் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எடுத்துக்கொள்ளும். இதைத் தீர்க்கவே 'பிரிகான்வ்' என்ற முன்நிரலைப் பிற்பாடு சேர்த்தார்கள். அது யூனிகோடு எழுத்துகளைக் குரோஃபுக்குப் புரியும் தப்பிப்புக் குறிகளாக மாற்றித் தருகிறது. மேன்-டிபி இதைத் தானாகப் பார்த்துக்கொள்ளும். மாணவர்கள் சோதனைக்காகக் குரோஃபை நேரடியாக ஓட்டும்போது மட்டும் சிறிய 'கே' விருப்பத்தைச் சேர்க்க மறக்கக் கூடாது.

உள்ளீட்டுக்கு யூடிஎஃப்-8 என்று தயங்காமல் சொல்ல உறுதியான காரணம் இருக்கிறது. மேன்-டிபி ஒரு பக்கத்தைத் திறந்தால் முதலில் அது யூடிஎஃப்-8 ஆகச் செல்லுபடியாகிறதா என்று பார்க்கும். இல்லையென்றால்தான் அந்த மொழிக்குரிய பழைய குறியாக்கத்துக்கு இறங்கும். இந்த வரிசை மிக முக்கியம். யூடிஎஃப்-8-இல் 127-க்கு மேற்பட்ட பைட்டுகள் கண்டிப்பான ஒழுங்கில்தான் வர முடியும். லத்தீன்-1-இல் எழுதிய பிரெஞ்சு, ஜெர்மன் உரை தற்செயலாக அந்த ஒழுங்கில் அமைவது மிக மிக அரிது. எனவே யூடிஎஃப்-8 சோதனையில் ஒரு கோப்பு தேறினால் நம்பலாம், தோற்றால் அதுவும் பயனுள்ள செய்தி. லத்தீன்-1-ஐ முதலில் வைத்தால் அந்தச் செய்தியே கிடைக்காது, ஏனென்றால் எந்தப் பைட் வரிசையும் லத்தீன்-1-இல் செல்லுபடியாகும். தவறாகப் படித்தோம் என்று நிரலுக்குத் தெரியவே வழியில்லை. ஓபன்பிஎஸ்டியில் பயன்படும் மேன்டாக் நிரலும் இதே அறிவோடுதான் நடக்கிறது: கோப்பில் வெளிப்படையான குறிப்பு எதுவும் இல்லையென்றால், முதலில் தென்படும் ஆஸ்கி அல்லாத பைட் செல்லுபடியாகும் யூடிஎஃப்-8-ஆ என்று பார்க்கும், இல்லையென்றால் லத்தீன்-1 என்று கொள்ளும்.

இந்தக் குணம் யூடிஎஃப்-8-க்கு அதிர்ஷ்டத்தால் வந்ததில்லை. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் பிளான் 9 இயங்குதளத்துக்காக அதை வடிவமைத்தபோது, பழைய ஆஸ்கிக் கோப்பு ஒரு பைட் கூட மாறாமல் அப்படியே செல்ல வேண்டும், ஓர் எழுத்து எங்கே தொடங்குகிறது என்று நடுவிலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று கருதியே செய்தார்கள். 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டைத் தந்தவர்கள் அதே தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும்தான். மேன் பக்கமும் அதற்குப் பொருத்தமான குறியாக்கமும் ஒரே மனிதரின் கை வழியாக வந்தவை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும்.

இனி மூத்தவர் சொல்வதைப் பார்ப்போம். காப்பி செய்து ஒட்டிய கட்டளை ஓடவில்லை என்ற புகார்தான் ஆஸ்கி கட்சியின் வலுவான வாதம், அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கட்டளை விருப்பங்களுக்கு முன் நாம் தட்டும் கோடு ஆஸ்கியில் 45-ஆம் எழுத்து. அச்சுக் கலையில் ஹைஃபன் வேறு, கழித்தல் குறி வேறு. குரோஃப் அடிப்படையில் அச்சுக் கோக்கும் நிரல் என்பதால் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. மூலக்கோப்பில் வெறும் கோடு போட்டால் அதை ஹைஃபன் என்று எடுத்துக்கொண்டு யூடிஎஃப்-8 வெளியீட்டில் யூ+2010-ஐ அனுப்பும். பின்சாய்வுக் கோட்டோடு சேர்த்துப் போட்டால்தான், மேன் பக்கங்களில், ஆஸ்கி 45 வரும். ஆயிரக்கணக்கான மேன் பக்கங்களில் ஆசிரியர்கள் வெறும் கோட்டைத்தான் போட்டிருக்கிறார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஒட்டிப் பார்த்தால் ஷெல் அதை விருப்பமாக ஏற்காது. லெஸ்ஸுக்குள் ஒரு விருப்பத்தைத் தேடினாலும் அகப்படாது, நீங்கள் தட்டுவது 45, பக்கத்தில் இருப்பது வேறு. ஒற்றை மேற்கோள் குறி, டில்டா, கேரட் குறி ஆகியவற்றுக்கும் இதே கதி நேரலாம்.

வெவ்வேறு லினக்ஸ் வகைகளில் உங்களுக்கு வெவ்வேறு விளைவு தெரிவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். 2023 ஜூலையில் வந்த குரோஃப் 1.23.0 பதிப்பு, மேன் பக்கங்களில் இந்தக் குறிகளை ஆஸ்கிக்குத் திருப்பிவிடும் பழைய ஏற்பாட்டை நீக்கியது. பக்கங்களைச் சரியாக எழுதவைக்க வேண்டும் என்பது குரோஃப் பராமரிப்பாளர்களின் எண்ணம், அதில் நியாயம் உண்டு. ஆனால் டெபியன் தன் தொகுப்பில் அந்தத் திருப்பத்தை மீண்டும் சேர்த்துக்கொண்டது. இந்த விஷயத்தில் நான் டெபியன் பக்கம். கட்டளை கற்க வந்த முதலாண்டு மாணவர், பக்கத்தில் கண்டதை அப்படியே தட்டினால் ஓட வேண்டும். அச்சுக் கலையின் நுட்பத்தைக் காப்பாற்றும் சுமையை அவர் தலையில் ஏற்றக் கூடாது.

ஆனால் மருந்து இருக்கும் இடம் குறியாக்கம் இல்லை. குரோஃபின் உள்ளூர் அமைப்புக்கென்றே 'மேன்.லோக்கல்' என்றும் 'எம்டாக்.லோக்கல்' என்றும் இரண்டு கோப்புகள் உண்டு. யூடிஎஃப்-8 வெளியீட்டில் ஹைஃபனை ஆஸ்கி 45 ஆக்கும் வரிகளை அங்கே சேர்க்கலாம். டெபியன் சர்வரில் இருப்பதைப் பார்த்து மற்றவற்றிலும் அதையே வையுங்கள். ஹைஃபனுக்காக மொத்தத்தையும் ஆஸ்கிக்குத் தள்ளினால் இழப்பது அதிகம். அட்டவணைக் கோடுகள் கூட்டல் குறியும் செங்குத்துக் கோடுமாகக் குறுகும். ஐரோப்பிய உச்சரிப்புக் குறி எழுத்துகளுக்காவது குரோஃப் ஏதோ மாற்று வைத்திருக்கிறது. தமிழ், ஜப்பானிய எழுத்துகளுக்கு ஆஸ்கியில் மாற்று ஏது? எச்சரிக்கை ஒன்றை முணுமுணுத்துவிட்டு எழுத்தையே விட்டுவிடும். உங்கள் மாணவர்கள் எழுதப்போகும் பக்கம் நிறுத்தற்குறிகளும் இடைவெளிகளுமாக மட்டும் வரும். மனிதர்களின் பெயர்களை அவர்கள் எழுதும் விதத்தில் காட்ட முடியாத ஒரு டீஃபால்ட்டை இந்தக் காலத்தில் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எனவே நீங்கள் தொட வேண்டியது லோக்கேல். சர்வரில் லாகின் செய்து 'லோக்கேல் சார்மேப்' என்று தட்டிப் பாருங்கள். 'யூடிஎஃப்-8' என்று வந்தால் நல்லது. 'ஆன்சி_எக்ஸ்3.4-1968' என்று வந்தால் அந்த லாகின் 'சி' லோக்கேலில் இருக்கிறது என்று பொருள். அது ஆஸ்கித் தரத்தின் 1968-ஆம் ஆண்டுப் பதிப்பின் பெயர், லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி அதை இன்னும் அப்படியே சொல்கிறது. இந்த நிலையில் மேன் ஆஸ்கியில் காட்டுவது முற்றிலும் சரியான நடத்தை, ஏனென்றால் அதற்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

சிஸ்டம்டி உள்ள சர்வர்களில் 'லோக்கேல்சிடிஎல்' கட்டளையால் 'லாங்' மாறியைச் 'சி.யூடிஎஃப்-8' ஆக அமைத்துவிடுங்கள். எந்த நாட்டின் தேதி வடிவத்தையும் அகர வரிசையையும் திணிக்காமல் குறியாக்கத்தை மட்டும் யூடிஎஃப்-8 ஆக்கும் லோக்கேல் அது. டெபியனிலும் ஃபெடோராவிலும் முன்பே இருந்தது, 2022-இல் வந்த ஜிலிப்சி 2.35 முதல் அதிகாரபூர்வமாகவே சேர்ந்துவிட்டது. 'எல்சி_ஆல்' மாறியை மட்டும் சர்வர் முழுவதற்கும் வைக்காதீர்கள். அது 'எல்சி_சிடைப்', 'லாங்' இரண்டையும் அடக்கிவிடும், மாணவர் தன் லாகினுக்கு வேறு தேர்வு செய்ய இடமே இருக்காது.

மேக் பயன்படுத்துவோர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மேக்கின் டெர்மினல், 'எல்சி_சிடைப்' மாறியில் மொழி, நாடு எதுவும் இல்லாமல் வெறும் 'யூடிஎஃப்-8' என்று வைப்பதுண்டு. எஸ்எஸ்எச் அதைச் சர்வருக்குக் கடத்திவிடும். ஜிலிப்சிக்கு அப்படி ஒரு லோக்கேலே தெரியாது. தெரியாததும் நிரல் 'சி' லோக்கேலுக்கு விழுந்துவிடும். நீங்கள் 'லாங்' மாறியை எவ்வளவு சரியாக வைத்திருந்தாலும் 'எல்சி_சிடைப்' அதை முந்திக்கொள்ளும் என்பதால் பயனில்லை. யூடிஎஃப்-8 என்று சொல்ல வந்த மாறியே யூடிஎஃப்-8-ஐக் கெடுக்கும் இடம் இது, கண்டுபிடிக்கும் வரை பலரைப் படுத்தி எடுக்கும். மேக் டெர்மினலின் புரொஃபைல் அமைப்பில், தொடங்கும்போது லோக்கேல் மாறிகளை அமைக்கும் தேர்வை எடுத்துவிடலாம். அல்லது சர்வரின் எஸ்எஸ்எச் அமைப்பில் 'அக்செப்ட்என்வ்' வரியிலிருந்து லோக்கேல் மாறிகளை நீக்கலாம். ஆய்வகத்தில் எல்லா மடிக்கணினியையும் உங்களால் திருத்த முடியாது, ஆகவே இரண்டாவது வழி நடைமுறைக்கு நல்லது. அப்படிச் செய்தபின் மாற்று லோக்கேல் வேண்டும் மாணவர் தன் புரொஃபைலில் வைத்துக்கொள்ளட்டும்.

சீரியல் கேபிள் வழியாக வரும் பழைய டெர்மினல் ஏதாவது உங்களிடம் இருந்தால் அந்த லாகினுக்கு மட்டும் 'லாங்' மாறியைச் 'சி' என்று வையுங்கள். மேன் தானாக ஆஸ்கிக்கு இறங்கும். மேன் அமைப்பில் எதையும் ஆணியடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதன் பலன் இங்கேதான் கிடைக்கிறது. கிரான் வழியாக மேன் பக்கங்களை உரைக்கோப்பாக மாற்றும் வேலை ஏதும் இருந்தால், அங்கே 'லாங்' பெரும்பாலும் வெறுமையாக இருக்கும் என்பதால் ஸ்கிரிப்டுக்குள்ளேயே 'எல்சி_ஆல்' மாறியைச் 'சி.யூடிஎஃப்-8' ஆக்கிக்கொள்ளுங்கள். ஒரு ஸ்கிரிப்டுக்குள் அதை வைப்பதில் தவறில்லை.

தமிழ் மேன் பக்கத்துக்கு வருகிறேன். தாராளமாக எழுதச் சொல்லுங்கள். யூடிஎஃப்-8-இல் சேமித்து, உள்ளூர் மேன் அடைவுக்குள் தமிழுக்குரிய 'டிஏ' என்ற அடைவு உருவாக்கி, அதனுள் 'மேன்1' அடைவில் வைக்க வேண்டும். எந்த மொழிப் பக்கத்தைக் காட்டுவது என்பதை 'எல்சி_மெசேஜஸ்' முடிவு செய்யும், எந்தக் குறியாக்கத்தில் காட்டுவது என்பதை 'எல்சி_சிடைப்' முடிவு செய்யும். 'டிஏ_ஐஎன்' லோக்கேலைச் சர்வரில் உருவாக்கி வைத்தால் இரண்டும் ஒருசேரக் கிடைக்கும். பெயரின் பின்னால் யூடிஎஃப்-8 என்று ஒட்டாவிட்டாலும் ஜிலிப்சியில் அந்த லோக்கேலின் குறியாக்கம் யூடிஎஃப்-8 தான்.

பக்கம் சரியாக இருந்தாலும் டெர்மினல் அதைச் சரியாக வரையும் என்று உறுதி தர முடியாது. டெர்மினல் திரை சம அகலக் கட்டங்களால் ஆனது, நம் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இல்லை. 'கெ' என்ற எழுத்தில் கொம்பு யூனிகோடு வரிசைப்படி ககரத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, திரையில் முன்னால் வரவேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யாத டெர்மினல்களில் கொம்பு பின்னால் தொங்கும், 'கொ' போன்றவை இன்னும் சிதறும். வரைகலை இல்லாத லினக்ஸ் கன்சோலில் நிலைமை இதைவிட மோசம். அதன் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்களுக்குத்தான் இடம், எழுத்துகளை இடம் மாற்றிக் கோக்கும் வேலையும் அங்கே கிடையாது. ஆகவே இரண்டு மூன்று டெர்மினல் நிரல்களை ஆய்வகத்தில் நிறுவி, 'கொ', 'கௌ', 'க்ஷ' வரும் சில வரிகளை வைத்து எது தேறுகிறது என்று மாணவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். எதுவும் திருப்தி தராவிட்டால் மேன்டாக்கை நிறுவி, அதன் 'எச்டிஎம்எல்' வெளியீட்டால் அதே மூலக்கோப்பை உலாவியில் திறக்கலாம். தமிழ் எழுத்துகளை யூனிகோடு எண்களாகவே அது எழுதித் தருவதால் எந்த லோக்கேலில் ஓட்டினாலும் உலாவி அவற்றைச் சரியாகக் கோத்துக் காட்டும்.